சராசரியைச் சுற்றியுள்ள சிதறல்: மெட்டா பகுப்பாய்வில் பல்லினத்தன்மையை மதிப்பிடுவது எப்படி?

மட்டக்களப்பில் "இம்முறை வேளாண்மை எப்படி?" என்று கேட்டால், அனுபவமுள்ள விவசாயி ஒரே எண்ணில் பதில் சொல்லமாட்டார், "எந்த வட்டையை, எந்த வயல்வெளியைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், குளத்து நீர் பாயும் வயலும் வானத்தை நம்பிய வயலும் ஒரே போகத்தில் ஒரே இன நெல்லை விதைத்தாலும் ஒரே அளவு விளைவதில்லை என்பது அவருக்குத் தெரியும். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஒரு விடை காணும் மெட்டா பகுப்பாய்வும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஆயினும் இந்த முறையை முதன்முதலாகக் கற்பவர்கள், குறிப்பாக இறுதியாண்டு ஆய்வுக்காக இதைக் கையில் எடுக்கும் மாணவர்கள், ஒன்றுசேர்த்த இடையை (சராசரியை) மட்டும் கவனமாகப் படித்துவிட்டு, ஆய்வுகள் அந்த இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைச் சடங்குக்கு ஒரு வரி எழுதிக் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தச் சிதறலைப் பற்றியதே இக்கட்டுரை. சிதறல் என்பது இடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எச்சரிக்கைக் குறிப்பு அன்று. இடையைப் போலவே தனக்கென ஓர் அலகும், தனக்கென ஒரு வழுவும் கொண்ட, தனியாக மதிப்பிட வேண்டிய கணியம் அது.

"மெட்டா பகுப்பாய்வு" என்ற பெயரை 1976இல் அமெரிக்கரான ஜீன் கிளாஸ் சூட்டினார். வேலை அதற்கும் முந்தியது. 1904இல் கார்ல் பியர்சன், நெருப்புக் காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி பிரித்தானியப் படைவீரர்களை எவ்வளவு காத்தது என்று அறிவதற்காக, தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த படைகளிலிருந்து கிடைத்த தரவுகளை ஒன்றுசேர்த்தார். சேர்த்தபோதே அவரை உறுத்தியது, ஒரு குழுவில் கிடைத்த விடையும் மறு குழுவில் கிடைத்த விடையும் ஒத்துவரவில்லை என்பதுதான். ஆக, ஒன்றுசேர்ப்பதற்கும் ஒத்துவராமைக்கும் ஒரே வயது.

ஆய்வுகளின் விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தற்செயல்: ஒவ்வோர் ஆய்வும் ஒரு சிறு மாதிரியை மட்டுமே பார்க்கிறது, உண்மை விளைவு எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தாலும், மாதிரி மாறும்போது விடை சற்று இங்கும் அங்கும் தள்ளும். இந்தத் தள்ளல் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆய்வும் தனது நியம வழுவாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது காரணம் வேறு வகையானது: உண்மை விளைவே இடத்துக்கு இடம் மாறுகிறது. மண் வேறு, நீர் வேறு, நோயாளியின் வயது வேறு, மருந்தின் அளவு வேறு. இந்த இரண்டாவது வகை வேறுபாட்டையே பல்லினத்தன்மை என்கிறோம். ஆங்கிலம் வழி படிப்பவர்கள் ஹெட்டரோஜெனிட்டி என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது இரண்டும் கலந்த மொத்தச் சிதறல் மட்டுமே. அதிலிருந்து தற்செயலின் பங்கைக் கழித்து, எஞ்சியதை அளப்பதே நம் முன்னுள்ள வேலை. கீழே வரும் முறைகள் அனைத்தும் அந்தக் கழித்தலைச் செய்யும் வெவ்வேறு வழிகளே.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் யாவும் கணக்குக்காக நான் இட்டவை. எந்த வயலிலும் அளந்தவை அல்ல. மேற்கட்டுப் பசளையை, அதாவது பயிர் வளரும்போது இடும் பசளையை, வழமைபோல் இடாமல், அளவைப் பிரித்துப் பல தடவையில் இட்டால் ஏக்கருக்கு எத்தனை மூடை கூடுகிறது என்று ஐந்து இடங்களில் பரிசோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சையில் 4 மூடை, நவகிரியில் 5, சம்மாந்துறையில் 6, அக்கரைப்பற்றில் 3, வாகரைப் பக்கத்து மானாவாரி வயலில் 0 என்று மேலதிக விளைச்சல் கிடைக்கிறது. சம்மாந்துறையில் பரிசோதனை பெரிதாக நடந்ததால் அதன் நியம வழு 0.5 மூடை, மற்ற நான்கிலும் 1 மூடை. (மூடையின் பருமன் ஊருக்கு ஊர் மாறும் என்பதை வாசகர் நினைவூட்டுவார். எல்லா இடத்திலும் ஒரே மூடை என்று முதலில் உறுதிசெய்யாத மெட்டா பகுப்பாய்வில், பல்லினத்தன்மையின் ஒரு பகுதி தராசிலேயே பிறந்துவிடும். மருத்துவ ஆய்வுகளிலும் இப்படி அலகு மாறிய பிழைகள் அரிதல்ல.)

முதற்படியாக, ஐந்து இடங்களிலும் உண்மை விளைவு ஒன்றே என்று எடுத்துக்கொண்டு இடை காண்போம். இதைப் பொது விளைவு மாதிரியுரு என்பர். துல்லியமான ஆய்வுக்கு அதிக மதிப்புக் கொடுப்பதற்காக, நியம வழுவை வர்க்கித்து, அதனால் ஒன்றை வகுத்து வருவதை அந்த ஆய்வின் நிறையாகக் கொள்கிறோம். நியம வழு 1 ஆன நான்கு இடங்களுக்கும் நிறை 1, சம்மாந்துறைக்கு, 0.5இன் வர்க்கம் 0.25 ஆதலால், நிறை 4. நிறைகளின் கூட்டுத்தொகை 8. ஒவ்வொரு விளைவையும் அதன் நிறையால் பெருக்கிக் கூட்டினால் 36 வரும். 36ஐ 8ஆல் வகுக்க இடை 4.5 மூடை. அதன் நியம வழு சுமார் 0.35. மிகத் துல்லியமான விடைபோலத் தோன்றுகிறது. ஆனால் விடையின் பாதி நிறை ஒரே ஊருக்குரியது என்பதையும், வாகரைக்காரருக்கு இந்த 4.5 எந்த வகையிலும் பொருந்தவில்லை என்பதையும் அந்தத் துல்லியம் மறைக்கிறது.

இனிச் சிதறலுக்கு வருவோம். ஒவ்வோர் ஆய்வும் 4.5இலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கித்து, நிறையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். உன்னிச்சைக்கு 0.25, நவகிரிக்கு 0.25, சம்மாந்துறைக்கு 9, அக்கரைப்பற்றுக்கு 2.25, வாகரைக்கு 20.25, கூட்டுத்தொகை 32. இதுவே கியூ எனப்படும் கணியம். வில்லியம் காக்ரன் என்ற புள்ளிவிபரவியலாளர் 1930களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது, பல இடங்களில் நடந்த பயிர்ப் பரிசோதனைகளை எப்படி ஒன்றுசேர்ப்பது என்ற கேள்வியை ஆராய்ந்தார். 1937இலும் 1954இலும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்ததே இந்தக் கியூ. ஆகவே நெல் வயலை உதாரணமாக எடுத்தது வெறும் ஊர்ப்பாசத்தால் அன்று. இந்த முறை மருத்துவமனைக்குப் போவதற்கு முன் வயலில்தான் பிறந்தது. (இவரையும், மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புக்குப் பெயர் தந்த ஸ்கொட்லாந்து மருத்துவர் ஆர்ச்சி காக்ரேனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இருவரும் வேறு வேறு ஆட்கள்.)

கியூ 32 என்பது பெரிதா, சிறிதா? உண்மை விளைவு எங்கும் ஒன்றாக இருந்து, தற்செயல் மட்டுமே வேலை செய்திருந்தால், கியூவின் எதிர்பார்ப்புப் பெறுமானம் ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவானது, இங்கே 4. நமக்குக் கிடைத்ததோ அதன் எட்டு மடங்கு. தற்செயல் மட்டும் இருந்தால் கியூ எப்படிப் பரம்பும் என்பதைக் காட்டும் கைவர்க்கப் பரம்பலைக் கொண்டு இந்த ஒப்பீட்டை ஒரு சோதனையாகச் செய்யலாம். பல கட்டுரைகள் அதோடு நின்றுவிடுகின்றன. அது போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆய்வுகள் சிலவாக இருக்கும்போது இந்தச் சோதனை உண்மையான வேறுபாட்டைக்கூடக் கண்டுபிடிக்கத் தவறிவிடும். அதனாலேயே, தற்செயலால் மட்டுமே இவ்வளவு வேறுபாடு வரக்கூடிய நிகழ்தகவுக்கு, வழமையான 0.05 எல்லைக்குப் பதிலாக 0.10ஐப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுகள் பலவாகவும் பெரியனவாகவும் இருந்தால், நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையற்ற வேறுபாட்டுக்கும் அது எச்சரிக்கை மணி அடிக்கும். இதைவிட அடிப்படையான குறை, "வேறுபாடு உண்டா?" என்ற கேள்விக்கே அது பதில் சொல்கிறது என்பது. மானாவாரி வயலுக்கும் குளத்து வயலுக்கும் வேறுபாடு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு என்பதே கேள்வி.

அந்த "எவ்வளவு" என்பதற்கு டௌ வர்க்கம் என்று பெயர். இதன் பின்னுள்ள எண்ணம் இதுதான்: ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உண்மை விளைவு உண்டு, அந்த உண்மை விளைவுகள் ஒரு பொது இடையைச் சுற்றிப் பரம்பியுள்ளன, அப்பரம்பலின் மாறற்றிறனே (இடையிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களின் சராசரியே) டௌ வர்க்கம். இதை எழுமாற்று விளைவு மாதிரியுரு என்பர். டௌ வர்க்கம் பூச்சியமானால் எல்லா இடத்திலும் ஒரே விளைவு. அதன் வர்க்கமூலமான டௌ, விளைவின் அலகிலேயே அமையும். நம் உதாரணத்தில் அது மூடையில் வரும். இந்த ஒரு பண்புக்காகவே டௌவை நான் மற்ற எல்லா அளவீட்டுக்கும் மேலாக வைக்கிறேன். "உண்மை விளைவுகள் இடையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மூடை வித்தியாசப்படுகின்றன" என்று சொன்னால் விவசாயிக்கும் புரியும். விவசாய விரிவாக்க அலுவலருக்கும் புரியும்.

இதை மதிப்பிடும் முறைகளுள் மிகுதியாகப் பயன்பட்டது, ரெபெக்கா டெர்சிமோனியன், நான் லெய்ர்ட் ஆகிய இருவரும் 1986இல் வெளியிட்ட முறை. வந்தாறுமூலையில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். தனியாள் கணினி வீட்டுக்கு வராத அந்நாளில், கல்குலேட்டரும் தாளும் போதும் என்பதே இம்முறையின் பெரும் வசதியாக இருந்தது. இதன் தர்க்கம் எளிது. பல்லினத்தன்மை இருந்தால், கியூவின் எதிர்பார்ப்புப் பெறுமானம் வெறும் 4 அன்று. 4உடன், டௌ வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி வருவதைக் கூட்டியது ஆகும். அந்த மாறிலி நிறைகளிலிருந்து கிடைக்கிறது: நிறைகளின் கூட்டுத்தொகையிலிருந்து, நிறைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். நம் கணக்கில் நிறைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 20. அதை 8ஆல் வகுக்க 2.5, 8இலிருந்து கழிக்க 5.5. இனி, கிடைத்த கியூவான 32இலிருந்து தற்செயலின் பங்கான 4ஐக் கழித்தால் 28, 28ஐ 5.5ஆல் வகுக்க டௌ வர்க்கம் 5.09. வர்க்கமூலம் எடுத்தால் டௌ சுமார் 2.26 மூடை. கழித்த பின் விடை எதிரெண்ணாக வந்தால், மாறற்றிறன் எதிரெண்ணாக இருக்க முடியாதாகையால், அதைப் பூச்சியம் என்று எழுதுகிறார்கள். அப்படி வந்த பூச்சியத்தை "வேறுபாடே இல்லை" என்று வாசிப்பது தவறு. தற்செயலிலிருந்து பிரித்துக் காட்டும் அளவுக்குத் தரவு இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

டௌ வர்க்கம் கையில் வந்ததும் நிறைகள் மாறுகின்றன. ஒவ்வோர் ஆய்வின் நியம வழுவின் வர்க்கத்தோடு 5.09ஐக் கூட்டி, அதனால் ஒன்றை வகுக்க வேண்டும். சம்மாந்துறையின் நிறை 0.187 ஆகிறது; மற்றவற்றின் நிறை 0.164. முன்பு மொத்த நிறையில் பாதியைப் பிடித்திருந்த ஊர் இப்போது 22 சதவீதத்துக்கு இறங்குகிறது, இடை 4.5இலிருந்து 3.67க்கு இறங்குகிறது; அதன் நியம வழு 0.35இலிருந்து 1.09க்கு ஏறுகிறது. பெரிய பரிசோதனை தன் ஊரைப் பற்றித்தான் நிறையத் தெரிந்து வைத்திருக்கிறது, பிற ஊர்களைப் பற்றி அன்று என்று கணக்கே ஒப்புக்கொண்டதுபோலாகிறது. இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: பல்லினத்தன்மை மிகும்போது சிறிய ஆய்வுக்கும் பெரிய ஆய்வுக்கும் ஏறத்தாழச் சமமான நிறை கிடைக்கிறது. சிறிய ஆய்வுகளுள் நல்ல முடிவு வந்தவை மட்டுமே அச்சேறும் துறைகளில், இந்தச் சமத்துவம் விடையை ஒருபக்கம் சாய்த்துவிடும். எழுமாற்று விளைவு மாதிரியுரு எப்போதும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

இனி ஐ வர்க்கம். 2002இல் ஜூலியன் ஹிக்கின்ஸ், சைமன் தொம்சன் ஆகிய இருவரும் முன்வைத்த இந்த அளவு, இன்று ஏறத்தாழ எல்லா மெட்டா பகுப்பாய்வுப் படங்களின் அடியிலும் இருக்கிறது. கியூவிலிருந்து 4ஐக் கழித்து, கியூவாலேயே வகுக்க வேண்டும்: 28ஐ 32ஆல் வகுக்க 87.5 சதவீதம். காணும் சிதறலில் எவ்வளவு பங்கு தற்செயலால் விளக்க முடியாதது என்பதை இது சொல்கிறது. அலகு இல்லாத ஒரு சதவீதம் என்பதால் யாருக்கும் எளிதில் பிடித்துப்போகிறது. அந்த எளிமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. இது ஒரு விகிதம். வேறுபாட்டின் அளவு அன்று. அதே ஐந்து இடங்களில் அதே விளைவுகளே கிடைத்து, ஆனால் பரிசோதனைகள் பெரிதாக நடந்து நியம வழுக்கள் யாவும் பாதியானதாக வைத்துக்கொள்வோம். நிறைகள் நான்கு மடங்காகும். கியூ 128 ஆகும். ஐ வர்க்கம் 96.9 சதவீதத்துக்குத் தாவும். டௌ வர்க்கமோ 5.09இலிருந்து 5.64க்கு மட்டுமே நகரும். தற்செயலின் பெயரில் எழுதக்கூடிய பங்கு குறைந்ததால் வந்த சிறு உயர்வு அது. வயல்களுக்கிடையிலான வேறுபாடு மாறவில்லை. நம் அளவுகோல் கூர்மையானது, அவ்வளவே. ஆனால் ஐ வர்க்கத்தை மட்டும் பார்ப்பவர் பல்லினத்தன்மை கடுமையாகிவிட்டது என்று எழுதுவார்.

25, 50, 75 என்ற எல்லைகளை வைத்துக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று முத்திரை குத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. காக்ரேன் அமைப்பின் கைநூல் தரும் எல்லைகள் வேண்டுமென்றே ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை: 0 முதல் 40 வரை முக்கியமற்றதாக இருக்கலாம், 30 முதல் 60 வரை நடுத்தரமாக இருக்கலாம், 50 முதல் 90 வரை கணிசமாக இருக்கலாம், 75 முதல் 100 வரை மிக அதிகம் என்று அது சொல்கிறது. கூர்மையான கோடு கிழிக்க இயலாது என்பதையே அந்தப் படிவு உணர்த்துகிறது. ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் அந்த "லாம்" விகுதியை வழியிலேயே தவறவிட்டுவிடுகிறார்கள்.

டெர்சிமோனியன்–லெய்ர்ட் முறைக்கு மாற்றாகப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் இரண்டை மட்டும் புரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். முதலாவது, ரொபர்ட் பால், ஜோன் மாண்டெல் ஆகியோர் 1982இல் தந்தது. ஒரே பொருளைப் பல ஆய்வுகூடங்களில் அளந்து கிடைத்த விடைகளைச் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. டெர்சிமோனியன்–லெய்ர்ட் முறை பழைய நிறைகளைக் கொண்டு ஒரே தடவையில் கழித்து முடிக்கிறது. பால்–மாண்டெல் முறையோ, டௌ வர்க்கத்துக்கு ஒரு பெறுமானத்தை ஊகித்து, அதைச் சேர்த்த புது நிறைகளால் கியூவை மறுபடி கணித்து, அது சரியாக 4 ஆகும் வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகிறது. தராசின் ஒரு தட்டில் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது போன்றது இது. நம் எண்களில் 5.09ஐ இட்டால் கியூ 3.61 வருகிறது, அதாவது 4க்குக் கீழே இறங்கிவிட்டதால் நம் ஊகம் அளவுக்கு மிஞ்சியது. 4.5ஐ இட்டால் 4.01. விடை ஏறத்தாழ 4.52இல் நிற்கிறது.

இரண்டாவது, ரெமல் என்று சுருக்கமாக வழங்கும் ரெஸ்ட்ரிக்டட் மாக்சிமம் லைக்லிஹூட் முறை. கையில் உள்ள தரவு கிடைத்திருப்பதற்கு மிகவும் ஏற்றதாக இருக்கும் டௌ வர்க்கம் எது என்று தேடும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் எளிய வடிவத்தில் ஒரு குறை உண்டு: இடையையும் அதே தரவிலிருந்து மதிப்பிட்டுவிட்டு, அது முன்னரே தெரிந்த எண்போல நடந்துகொள்வதால், சிதறலைச் சற்றுக் குறைத்துச் சொல்லிவிடும். மாதிரியின் மாறற்றிறனைக் காணும்போது எண்ணிக்கையால் வகுக்காமல் ஒன்று குறைத்து வகுக்கிறோமே, அதே திருத்தத்தைத்தான் ரெமலும் செய்கிறது. 1971இல் பாட்டர்சன், தொம்சன் ஆகிய இருவர் இதை முன்வைத்தபோதும் களம் வேளாண் பரிசோதனைகளாகவே இருந்தது. பல்லினத்தன்மை அதிகமாகவும் ஆய்வுகளின் பருமன் மிகவும் வேறுபட்டும் இருக்கையில் டெர்சிமோனியன்–லெய்ர்ட் முறை டௌ வர்க்கத்தைக் குறைத்து மதிப்பிடும் போக்குடையது என்பதால், இன்று ரெமலையோ பால்–மாண்டெலையோ பரிந்துரைப்பவர்கள் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் எதைத் தெரிவுசெய்தாலும் ஒரு சொல்லை மாற்றுவது மட்டுமே வேலை. எந்த முறை என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்து எழுதி வைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துப் பிடித்த விடையைத் தெரிவது ஆய்வு ஆகாது.

முறைத் தெரிவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐந்து ஆய்வுகளிலிருந்து டௌ வர்க்கத்தை மதிப்பிடுவது, ஐந்து பேரின் உயரத்தைக் கொண்டு ஊரின் உயர வேறுபாட்டைச் சொல்வதற்கு ஒப்பானது. எந்த முறையில் போட்டாலும் அந்த எண்ணின் நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சு, மிக அகலமாகவே இருக்கும். ஆனால் வழமையான கணக்கில், மதிப்பிட்ட டௌ வர்க்கத்தை உறுதியான எண்போல எடுத்துக்கொண்டு இடையின் ஆயிடையைப் போடுகிறோம். நம் உதாரணத்தில் அது 1.5 முதல் 5.8 மூடை வரை வரும். ஹார்ட்டுங், நாப் ஆகியோரும், தனியே சிடிக், ஜொங்க்மன் ஆகியோரும் 2000ஐ அடுத்த ஆண்டுகளில் தந்த திருத்தத்தைப் பயன்படுத்தினால் 0.8 முதல் 6.5 வரை என்று அகலும். ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது இந்த அகலமே நேர்மையானது.

இதற்கும் மேலே, அடுத்த வட்டைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "இடை இருக்கட்டும், என் வயலில் எவ்வளவு கிடைக்கும்?" இதற்கு விடை சொல்வது எதிர்வுகூறல் ஆயிடை. இடையின் வழுவையும் டௌ வர்க்கத்தையும் சேர்த்துப் போடும் இந்த ஆயிடை, நம் ஐந்து இடங்களின் கணக்கில் 4.3 மூடை நட்டம் முதல் 11.6 மூடை ஆதாயம் வரை நீள்கிறது. இடையின் ஆயிடை முழுவதும் ஆதாயப் பக்கமே இருக்க, புதிய வயலுக்கான ஆயிடை நட்டத்தையும் உள்ளடக்குகிறது. இரண்டும் பொய்யல்ல, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். பரிந்துரை எழுதுபவர் இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது சரியன்று என்பது என் கருத்து.

கற்பனை வயலை விட்டு, உண்மையான தரவுக்கு வருவோம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வருமுன்னரே பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது, நம்மில் பலரின் இடது மேற்கையில் அதன் தழும்பு இருக்கிறது. காசநோயை அது எவ்வளவு தடுக்கிறது என்பது பற்றிய 13 பரிசோதனைகளின் தரவு, 1994இல் வெளியான ஒரு மெட்டா பகுப்பாய்வில் தொகுக்கப்பட்டது. இன்றுவரை மாணவர்கள் கைபழகும் தரவு அதுதான். இங்கிலாந்தில் ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்கும், போடாத 12,867 பேரில் 248 பேருக்கும் நோய் வந்தது; ஆபத்து ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய பரிசோதனையிலோ, ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கும், போடாத 88,391 பேரில் 499 பேருக்கும் நோய் வந்தது. எந்தக் குறைவும் இல்லை.

13 ஆய்வுகளிலும் விளைவு ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து விகிதம் (ஊசி போட்டவரின் ஆபத்தைப் போடாதவரின் ஆபத்தால் வகுத்தது) 0.65. எழுமாற்று விளைவு மாதிரியுருவில் அது 0.49. ஒரே தரவு, இரண்டு இடைகள். செங்கல்பட்டின் பெரும் நிறை இறங்கியதாலேயே இந்த மாற்றம். கியூ 152, எதிர்பார்ப்பு 12 மட்டுமே. ஐ வர்க்கம் சுமார் 92 சதவீதம். விகிதத்தின் மடக்கையில் கணித்த டௌ வர்க்கம், டெர்சிமோனியன்–லெய்ர்ட் முறையில் 0.309, ரெமலில் 0.313, பால்–மாண்டெலில் 0.318. ஆய்வுகள் 13 இருப்பதால் முறைகள் இங்கே ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த 0.313இன் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.12 முதல் 1.11 வரை நீள்கிறது. முறைகளுக்கிடையிலான வேறுபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடுபவர்கள் இந்த அகலத்தை ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஆபத்து விகிதத்தின் நம்பிக்கை ஆயிடை 0.34 முதல் 0.70, எதிர்வுகூறல் ஆயிடை 0.15 முதல் 1.55. இங்கிலாந்தும் செங்கல்பட்டும் அந்த அகன்ற ஆயிடைக்குள் அருகருகே அடங்கிவிடுகின்றன.

இவ்வளவு பெரிய டௌ வர்க்கம் கிடைத்தபின் அதை அப்படியே விட்டுவிடாமல், எதனால் என்று கேட்பதே அடுத்த படி. பூமத்திய கோட்டிலிருந்து உள்ள தூரத்தை, அதாவது அகலக்கோட்டை, விளக்கும் மாறியாகச் சேர்த்தால் டௌ வர்க்கம் 0.313இலிருந்து 0.076க்கு விழுகிறது, வேறுபாட்டின் நான்கில் மூன்று பங்கு அந்த ஒரு மாறியோடு சேர்ந்து போகிறது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான பிற கிருமிகள் மக்களுக்கு முன்னதாகவே ஓரளவு எதிர்ப்பைத் தந்துவிடுவதால், ஊசி கூடுதலாகச் செய்ய எஞ்சியிருப்பது குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. ஆனால் அகலக்கோடு தானாக எதையும் செய்வதில்லை. வெப்பம், வறுமை, ஆய்வு நடத்திய விதம் எல்லாம் அதோடு சேர்ந்தே மாறுகின்றன. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் கடுமையான காசநோயிலிருந்தும் இந்த ஊசி காக்கிறது என்பது தனியாக நிறுவப்பட்டது. ஆகவே செங்கல்பட்டு முடிவைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று யாரும் கருதிவிடக் கூடாது.

அகலக்கோட்டைச் சேர்த்த பின்னும் 0.076 எஞ்சியிருக்கிறது. செங்கல்பட்டு 13 பாகையில் இருக்க, அதிலிருந்து ஆறு பாகையே வடக்கே, 19 பாகையில் நடந்த ஒரு பரிசோதனையில் ஊசி போட்ட 2,545 பேரில் 8 பேருக்கும், போடாத 629 பேரில் 10 பேருக்கும் நோய் வந்தது. ஆபத்து விகிதம் 0.20. இங்கிலாந்தில் கண்ட பாதுகாப்புக்கு அது சற்றும் குறைந்ததல்ல. அகலக்கோட்டில் அடங்காத அந்த முடிவும், எஞ்சிய அந்த 0.076க்குள் இருக்கிறது.